ஐந்தாம் தேதி, இரண்டு நாற்பது

பாறசாலை
16 பிப்ரவரி 2025

அத்தானுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நாலு நாள் வாந்தி எடுத்துக்கொண்டு நாம் பாய்ப்படகில் கடந்த கடலை விமானம் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிட்டது. ஜன்னல் பக்கம்தான் இடம் கிடைத்தது. நான் கீழே பார்க்கவில்லை.

போனை எடுக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். போனில் பேசினால் "சாப்பிட்டியா, மழை உண்டா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள். நீங்கள் கப்பலில் மாலுமிகளை மேய்க்கிற போசனாக இருந்த காலத்திலும் அப்படித்தான். கடிதத்தில் மட்டும்தான் மனசில் உள்ளது கொஞ்சமாவது வெளியே வரும். அதனால் எழுதுகிறேன். நீங்கள் இருக்கும் தீவில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் நெய்யாற்றின்கரை மோகனன் சாரின் தம்பி வியாழக்கிழமை அங்கே வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அப்படி யார் கையிலாவது கொடுத்து அனுப்புங்கள். மாலத்தீவிலிருந்து திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு வராத ஆள் உண்டா?

இடிச்சக்கப்ளாமூடு ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோக்கார உண்ணி பிடித்துக்கொண்டான். "டீச்சரே, ரெண்டு மாசம்னு சொல்லிட்டுப் போயிட்டு பத்து நாளில வந்தாச்சே. சாருகிட்ட பெணங்கியோ?" என்றான். "கடல் எனக்குப் பிடிக்கல்ல உண்ணி" என்றேன். "அதாக்கும் நல்லது. நமக்கெல்லாம் கரை போதும்" என்று சொல்லி வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். சபையில் எல்லாரிடமும் அதையே சொல்லிவைத்திருக்கிறேன். இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்குப் படகில் போன தம்பதி என்று ஆயர் ஜெபத்தில் பெயர் சொன்னவர். அவருக்கும் அதே பதில்தான்.

நடந்ததை ஒரு தடவை எழுதிவைக்கிறேன். எனக்குப் பைத்தியம் இல்லை என்று எனக்கே தெரிய வேண்டும்.

மூன்றாம் நாள். பிப்ரவரி ஐந்து. மதியம் இரண்டு நாற்பது. சுக்கான் பிடி என் கையில் இருந்தது. வலது பக்கம் ஒரு வள்ளம். அதில் ஒரே ஒரு ஆள், எழுந்து நின்று ஒரு மஞ்சள் துணியை வீசிக்கொண்டிருந்தார். உங்களை எழுப்பினேன். நீங்கள் வந்து பார்த்து, "வலை போட்டிருக்கான். வலைக்கு மேலே வராதேன்னு சொல்றான். இடது பக்கம் திருப்பு" என்றீர்கள். திருப்பினேன். அவர் இன்னும் வேகமாக வீசினார். "இன்னும் விலகு" என்றீர்கள். இன்னும் விலகினேன். அவர் வீச வீச நாம் விலகினோம். "வலைக்காரன் மாதிரித் தெரியல்லியே" என்றேன். "ரேடியோவிலயாவது யாருக்காவது சொல்லுவோம்" என்றேன். "நீ ரெண்டு நாளா கடலைப் பாக்குற, நான் முப்பது வருஷமா பாக்குறேன்" என்றீர்கள்.

சுக்கானை உங்கள் கையில் விட்டுவிட்டு நான் உள்ளே டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது வள்ளம் ஒரு புள்ளியாக இருந்தது.

திருப்பியது என் கைதான், அத்தான். இந்த எழுதுகிற கை.

அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. நேற்று மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்துவிட்டு அப்படியே மறந்துபோனேன்.

பின்சி


தீவு
24 பிப்ரவரி

பின்சிக்கு,

கடிதம் கிடைத்தது. சுக்கானைப் பிடித்திருக்கும் இரும்புப் பின் இரண்டும் மாற்றியாயிற்று. பெரிய பாயில் கிழிசல் தைக்கிறேன். எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும். காலையில் சூரை மீன், மத்தியானம் சூரை மீன். உன் மீன்குழம்பு இல்லாமல் நாக்கு செத்துவிட்டது.

நீ எழுதியதற்குப் பதில் சொல்கிறேன். ஒரு முறைதான் சொல்வேன்.

கடலில் உதவி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. எல்லா நாட்டுக்காரனும் படித்தது. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, மெதுவாக மேலே ஏற்றி, மெதுவாக இறக்க வேண்டும். திரும்பத் திரும்ப. பரீட்சையில் வரைந்து காட்டி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த ஆள் ஒரு கையால் துணி வீசினான். ஒரு கையால் துணி வீசினால் வலை கிடக்கிறது, போ என்று அர்த்தம். கொல்லம் முதல் கொழும்பு வரை அப்படித்தான். கப்பலில் நாங்கள் எத்தனை தடவை விலகியிருக்கிறோம்! வலையை அறுத்துக்கொண்டு போனால் அவன் பிழைப்பு போகும். மரியாதைக்காரன் விலகுவான். நாம் மரியாதையாக விலகினோம்.

ரேடியோவில் என்ன சொல்லச் சொல்கிறாய்? மீன்பிடிக்கிற ஒருவன் மீன்பிடிக்கிறான் என்றா?

பக்கத்துத் தீவில் ஏதோ வள்ளம் அடைந்திருக்கிறது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். இந்தக் காற்றுக்கு வருஷா வருஷம் ஏதாவது வந்து அடையுமாம். நான் பார்க்கப் போகவில்லை. வேலை கிடக்கிறது.

மார்ச் முடிவதற்குள் நீ திரும்பி வா. டிக்கெட் நான் போடுகிறேன். தெற்கே பத்துத் தீவு பார்க்கலாம் என்று வரைபடத்தில் நீதானே பென்சிலால் வட்டம் போட்டாய். அந்த வட்டமெல்லாம் அப்படியே இருக்கிறது.

ஜஸ்டஸ்


பாறசாலை
4 மார்ச்

அத்தானுக்கு,

இன்று செவ்வாய்க்கிழமை. மீன்காரி புஷ்பம் வந்தாள். பதினொரு வருஷமாகச் செவ்வாயும் வெள்ளியும் நம் வாசலுக்கு வருகிறவள். ஒரு மாசமாகக் காணவில்லை என்று பக்கத்து வீட்டு ஆனந்தபாய் அக்கா சொல்லியிருந்தார். நான் காரணம் கேட்கவில்லை. இப்போது நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

வழக்கம்போல மீன் சருவத்தைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். கழுத்தில் தாலிச் சங்கிலி இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"எனக்க மாப்பிள போச்சு டீச்சரே. ஜனவரி இருவத்தெட்டாம் தேதி வள்ளத்தில போனதாக்கும். கூடப் போன ஆளுக்க ஒடம்பு ஒண்ணாம் தேதி விழிஞ்ஞத்துக்குத் தெக்க கரையேறிச்சு. அவனுக்கு வந்ததுதான் இவருக்கும்னு எல்லாரும் சொல்லியாச்சு. தேடுனதையும் நிறுத்தியாச்சு. நாலாம் தேதி ரெண்டு பேருக்கும் சேத்து பள்ளியில பூசை வச்சாச்சு. எனக்கு ஒடம்பும் இல்ல, குழியும் இல்ல."

சாளை மீனின் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் கை நிற்கவே இல்லை. பிறகு சொன்னாள்: "இப்பம் வள்ளம் மாலத்தீவுல ஒரு பாறையில அடைஞ்சு கெடக்குதாம். போட்டோ காட்டினாங்க. நம்ம வள்ளம்தான். வெள்ளையும் பச்சை வரையும். ஆளில்ல."

வெள்ளை வள்ளம். ஓரத்தில் பச்சை வரை. நீங்கள் மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன், நாம் பார்த்ததும் அதுதான்.

அவள் மாப்பிள்ளையை நாம் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. பெயரை இன்றுதான் கேட்டேன். சிலுவைதாசன். பொழியூர் இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர்? பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இத்தனை வருஷம் அவர் பிடித்த மீனைத்தான் நாம் தின்றோம்.

அவர் ஒன்றாம் தேதியே செத்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அத்தான். ஐந்தாம் தேதி அவர் எழுந்து நின்றது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

கடையில் பேசிக்கொண்ட அந்த வள்ளத்தைப் போய்ப் பாருங்கள். மஞ்சள் துணி இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு நான் அவளிடம் சொல்லப்போகிறேன்.

மீன் வாங்கினேன். சமைக்கவில்லை. பூனைக்குப் போட்டேன்.

பின்சி


தீவு
13 மார்ச்

பின்சி,

பார்க்கப் போகவில்லை என்று எழுதியது பொய்.

பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதியே போனேன். அங்கத்துத் தீவு ஆபீஸ்காரர்கள்தான் கூட்டிப்போனார்கள். வள்ளத்தின் பக்கத்தில் எழுதியிருப்பதை அவர்களால் வாசிக்க முடியவில்லை. "நீ இந்தியன்தானே, வாசித்துச் சொல்" என்றார்கள். மலையாளத்தில் 'பொழியூர்' என்று இருந்தது. நம்பரும் இருந்தது. வாசித்துச் சொன்னேன். பொழியூருக்குத் தகவல் போனது அப்படித்தான். எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் என்று மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஓடாத எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருந்தது. வலை முழுவதும் மடித்து உள்ளே இருந்தது. காலி கேன் இரண்டு. முன்பக்கம் ஒரு மூங்கிலை நட்டுவைத்து அதன் உச்சியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. பெண்பிள்ளைகள் போடுகிற ஷால். வெயிலில் வெளுத்துவிட்டது. முடிச்சுப் பக்கம் மட்டும் நல்ல மஞ்சள். இனி தன் கை ஓயும் என்று தெரிந்த பிறகு கட்டியிருப்பான் போல. வள்ளம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. துணியும் அதில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை.

வந்து இரண்டு நாள் பாய் தைத்தேன். தைத்ததையே பிரித்துத் தைத்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். புஷ்பத்திடம் சொல்லாதே. அவள் பூசை வைத்துவிட்டாள். தாலியைக் கழற்றிவிட்டாள். மீன் சருவத்தைத் தலையில் தூக்கிவிட்டாள். ஒருவழியாக அடங்கினதை நீ போய் எதற்குக் கிளற வேண்டும்? ஒன்றாம் தேதி கூட்டாளியோடு போய்விட்டான், ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். அதில் யாருக்கு என்ன கெடுதல்? நீ சொன்னால் உன் மனசுக்கு ஆறுதல். அவளுக்கு? உன் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைக்கிறாய். அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். ஒரு கை வீசினால் வலை. அதுதான் எனக்குப் படிப்பித்தது.

ஜஸ்டஸ்


பாறசாலை
22 மார்ச்

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். 'எனக்குப் படிப்பித்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருபது வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். எனக்கு இப்படித்தான் படிப்பித்தார்கள் என்று சொல்கிற பிள்ளை முகத்தைப் பார்த்தாலே தெரியும், அது வேறு எதையோ மறைக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் பைனாகுலரை எடுத்தீர்களா?

நான் மேலே வந்தபோது அது உறையில் இல்லை. உங்கள் முட்டிப் பக்கத்தில் கிடந்தது. மூடி திறந்திருந்தது. நான் டீயை நீட்டினேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினீர்கள். டீயில் சீனி போட நான் மறந்துவிட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் குடித்தீர்கள். இருபத்தைந்து வருஷத்தில் சீனி இல்லாத டீயை நீங்கள் ஒன்றும் சொல்லாமல் குடித்தது அன்றைக்குத்தான்.

அன்றைக்கு அதற்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாக் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? சாப்பிட்ட கஞ்சியைக்கூட நேரம் போட்டு எழுதுகிறவர் நீங்கள். ஐந்தாம் தேதிப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். படி எடுத்து வேண்டாம். அந்தப் பக்கத்தையே அனுப்புங்கள்.

புஷ்பம் நேற்றும் வந்தாள். "டீச்சருக்கு சொகமில்லியா, முகம் காஞ்சு கெடக்குதே" என்றாள். எனக்கு. அவள் என்னைப் பார்த்துக் கேட்கிறாள். நான் "ஒண்ணுமில்ல" என்றேன். நெத்திலி கொஞ்சம் அதிகமாக அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள்.

பின்சி


தீவு
30 மார்ச்

பின்சி,

பக்கத்தைக் கிழித்து உள்ளே வைத்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் லாக் புத்தகத்தில் ஒரு தாளும் நான் கிழித்ததில்லை. வாசித்தால் தெரியும். 'மதியம் 2.40, மீன்பிடி வள்ளம், வலை, இடது பக்கம் விலகினோம்.' அதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். 'மிதவை இல்லை.'

எடுத்தேன். நீ உள்ளே இறங்கின உடனே எடுத்தேன்.

வலை போட்டிருந்தால் தண்ணீரில் மிதவை வரிசையாகக் கிடக்கும். ஒரு மிதவையும் இல்லை. எஞ்சின் மேலே தூக்கியிருந்தது. நாம் விலகிப்போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வீசுவதை நிறுத்தினான். உட்கார்ந்தான். அந்தத் துணியை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டான். வெயிலுக்கு. அவ்வளவுதான் பார்த்தேன். பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டேன்.

காரணம் கேட்பாய். மனசுக்குள் பல காரணம் சொல்லிப் பார்த்தேன். ஏடன் பக்கம் ஓடின காலத்தில் தனி வள்ளத்தைக் காட்டி ஏமாற்றிக் கப்பலில் ஏறின கொள்ளைக்காரர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ கூட இருந்தாய். சுக்கான் பின் ஆடிக்கொண்டிருந்தது. எதிர்க்காற்றில் திரும்பினால் ஒரு மணி நேரம் ஆகும். எல்லாம் உண்மைதான். ஒன்றும் காரணம் இல்லை.

காரணம் இதுதான். திரும்பினால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும். முப்பது வருஷம் என்று சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் ஐந்தே நிமிஷத்தில் உன்னிடம் "நீ சொன்னதுதான், திருப்பு" என்று சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ டீயோடு வந்தாய். பிறகு வள்ளம் தெரியவில்லை.

உன் கை இல்லை. நான் திருப்பச் சொன்னதால் உன் கை திருப்பியது. திரும்பி வராதது நான்.

இனி சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

படகை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்.

ஜஸ்டஸ்


பாறசாலை
8 ஏப்ரல்

அத்தானுக்கு,

கடிதமும் பக்கமும் கிடைத்தன. வாசித்ததும் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உங்கள் சட்டைகள் கொடியில் கிடந்தன, மடித்து வைத்தேன்.

நேற்று பொழியூருக்குப் போனேன். படியில் வைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. நம் வாசலில் அவள் மீன்காரி. அவள் வீட்டில் நான் போய் நின்றுதான் சொல்ல வேண்டும். கடைசி ஸ்டாப்பில் இறங்கிப் பூசை வைத்த பள்ளிக்குப் பின்னால் போனால் மூன்றாவது வீடு. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். புஷ்பம் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

சொன்னேன். தேதி சொன்னேன். நேரம் சொன்னேன். வலை என்று நினைத்தோம், விலகினோம், சுக்கான் என் கையில் இருந்தது என்று சொன்னேன். என் குரல் வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கிற குரல்.

அவள் விரலை மடக்கினாள். "நாலாம் தேதி பூசை. அஞ்சாம் தேதி நீங்க கண்டது. அப்பம் நான் கறுப்பு உடுத்திட்டு பள்ளியில இருக்கும்போ அவரு உயிரோட தண்ணியில கெடந்தாரு" என்றாள். "ஆமா" என்றேன்.

"எழும்பி நிண்ணாரா?"

"நின்னாரு."

"எப்பிடி வீசினாரு? காட்டுங்க டீச்சரே."

நான் தோளில் கிடந்த சேலைத் தலைப்பை எடுத்து வலது கையால் வீசிக் காட்டினேன். "எடது கை?" என்று கேட்டாள். நினைத்துப் பார்த்தேன். இத்தனை நாளும் நான் அந்தக் கையைப் பற்றி நினைக்கவே இல்லை. அது அவர் உடம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையை அப்படியே தொங்கவிட்டு மறுபடியும் வீசினேன்.

அப்போதுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவருதான். ஆறு வருஷமாட்டு அவருக்க எடது கை பொங்காது. தோளு ஒடைஞ்சு சரியாக் கூடல்ல. சட்டை போடணும்னாலும் நான்தான் புடிச்சு விடணும்."

இரண்டு கையையும் விரித்து ஏற்றி இறக்க வேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அவரிடம் ஒரு கைதான் இருந்தது, அத்தான்.

இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். காட்டினேன். மூன்றாம் தடவையும் சொன்னாள். வாசலில் போய் நின்று கடலைப் பார்த்து வீசினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். அவள் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. நான் கை ஓய்ந்து நிறுத்தியபோது, "நிறுத்தாண்டாம்" என்றாள். மறுபடியும் வீசினேன். பிறகு அவளே வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள்.

திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள். "ஆளு போனதை எல்லாரும் எங்கிட்ட சொல்லியாச்சு. நிண்ணதை ஆரும் சொல்லல்ல. நீங்களாக்கும் சொன்னது." அது நல்லதுக்குச் சொன்னதா, பொல்லாததுக்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை. அவள் நம் வாசலுக்கு வரவில்லை.

மஞ்சள் துணி மகளுடைய ஷாலாம். பள்ளிக்கூட யூனிபார்மாம். வெயிலுக்குத் தலையில் கட்ட எடுத்துப்போனாராம். மூங்கிலில் கட்டியிருக்கிறது என்று சொன்னேன். அது வேண்டும் என்றாள். புதைக்க ஒன்றும் இல்லாததால் குழி தோண்டாமல் ஒரு சிலுவை மட்டும் நட்டிருக்கிறார்களாம்.

பைனாகுலரைப் பற்றி நான் சொல்லவில்லை. மிதவை இல்லாததையும் அவர் உட்கார்ந்ததையும் சொல்லவில்லை. அது என் வாயால் சொல்கிற காரியம் இல்லை. அவர் உட்கார்ந்ததைப் பார்த்தவர் நீங்கள்தான். நீங்கள் வந்து அவள் முன்னால் நின்று சொல்லுங்கள். சொல்லாமல் இந்த வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம். இது கோபத்தில் எழுதுவது இல்லை. கோபம் எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் நல்லது என்று இருக்கிறது.

பின்சி


தீவு
12 ஏப்ரல்

பின்சி,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இன்று காலை பக்கத்துத் தீவுக்குப் போனேன். ஆபீஸில் கேட்டேன். யாருக்கு என்று கேட்டார்கள். அவன் வீட்டுக்கு என்றேன். எடுத்துக்கொள் என்றார்கள்.

முடிச்சைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முடிச்சு எதுவும் இல்லை. ஒரு கையால் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, மறுபடி சுற்றி, மறுபடி கடித்து இறுக்கியது. நுனி முழுவதும் பல் தடம். பிப்ரவரியில் பார்த்தபோதும் அது இருந்திருக்கும். நான் துணியின் நிறத்தைத்தான் பார்த்தேன்.

கத்தி இடுப்பில் இருந்தது. அறுக்கவில்லை. உப்பு ஏறி இறுகியிருந்தது. நல்ல தண்ணீர் ஊற்றி ஊறவைத்து அவிழ்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆபீஸ்காரப் பையன்கள் சிரித்தார்கள். அவிழ்த்து முடித்ததும் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள்தான் பிடித்துத் தூக்கினார்கள்.

துணியைத் துவைக்கவில்லை. அப்படியே மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை மதியம் விமானம். ஏர்போர்ட்டுக்கு நீ வர வேண்டாம், உண்ணியையும் அனுப்ப வேண்டாம். நான் நேராகப் பொழியூருக்குப் போகிறேன். கடைசி ஸ்டாப், பள்ளிக்குப் பின்னால், மூன்றாவது வீடு. அங்கே சொல்லிவிட்டுப் பாறசாலை பஸ் பிடிக்கிறேன். வாசலில் வந்து நிற்பேன். மணி அடிக்க மாட்டேன்.

ஜஸ்டஸ்